கறுத்துக் கிடந்த அகப்பை

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு தகரப் பெட்டி உண்டு. தாத்தா ரயில்வேயில் ரைட்டர். 1947இல் கப்பலேறிய துரை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. உள்ளே பளபளவென்று ஆறு மேசைக்கரண்டிகள். அவற்றின் அடியில், கரிக்கட்டை போலக் கறுத்த ஒரு சின்ன அகப்பை. விசேஷம் வந்தால் அத்தை அந்த ஆறையும் திருநீறு போட்டுத் துலக்குவார். அகப்பையைத் தொடவே மாட்டார். "அது ஏதோ ஈயம்டா" என்பார்.

கரண்டிகளின் முதுகில் வரிசையாக நான்கு கட்டங்கள், கட்டத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து: ஈ, பி, என், எஸ். ராஜ முத்திரை என்றே மூன்று தலைமுறை நம்பியது. முதல் எழுத்து எட்வர்ட் மன்னர் என்று மாமா அடித்துச் சொல்வார். பாவம், அது 'எலெக்ட்ரோ பிளேட்டட் நிக்கல் சில்வர்' என்பதன் சுருக்கம். நிக்கல் சில்வரில் வெள்ளி குண்டுமணி அளவும் கிடையாது. செம்பு, துத்தநாகம், நிக்கல் மூன்றும் சேர்ந்த உலோகம் அது. நம் கடைகளில் ஜெர்மன் சில்வர். எவர்சில்வர் போலவே, பெயரில் மட்டும் வெள்ளி. அதன்மேல் மின்சாரத்தால் வெள்ளி முலாம் ஏற்றும் முறைக்கு பர்மிங்காமின் எல்கிங்டன் குடும்பத்தார் 1840இல் காப்புரிமை வாங்கினார்கள். அதற்குப் பிறகு நடுத்தர வர்க்க வீடுகளிலும் சாப்பாட்டு மேசை பளபளத்தது. எழுத்துகளைக் கட்டம் கட்டி அடித்ததும் சும்மா இல்லை; எட்டத்தில் பார்த்தால் அசல் முத்திரை போல இருக்கும்.

அசல் முத்திரை எப்படி இருக்கும்? அதை அகப்பை காட்டியது. கைப்பிடியின் பின்புறத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தபோது, கறுப்புக்கு அடியிலிருந்து ஒரு சிங்கம் நடந்து வந்தது. முன்காலைத் தூக்கிய அந்தச் சிங்கம் 1544 முதல் இங்கிலாந்தில் அடிக்கப்படுகிறது. ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு என்பதற்கு அது உத்தரவாதம். பக்கத்தில் சிறுத்தைத் தலை. லண்டனில் சோதிக்கப்பட்டது என்று அர்த்தம். அங்குள்ள கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலில் முத்திரை குத்தியதால்தான் 'ஹால்மார்க்' என்ற சொல்லே பிறந்தது. சிறுத்தைக்குப் பதில் நங்கூரம் இருந்தால் பர்மிங்காம். கடலே இல்லாத ஊருக்கு நங்கூரம் எதற்கு? 1773இல் பர்மிங்காமும் ஷெஃபீல்டும் சோதனைக்கூடம் கேட்டு லண்டன் வந்தபோது, 'கிரௌன் அண்ட் ஆங்கர்' என்ற விடுதியில் கூடிப் பேசி, காசைச் சுண்டிச் சின்னங்களைப் பங்குபோட்டுக்கொண்டதாக ஒரு கதை உண்டு. ஷெஃபீல்டுக்குக் கிரீடம் போனது.

அகப்பையில் ஆண்டைக் குறிக்கும் எழுத்து, பெரிய 'ஈ'. அந்தக் காலத்தில் லண்டனில் ஆண்டுக்கு ஓர் எழுத்து. இருபது எழுத்து முடிந்ததும் எழுத்துருவை மாற்றி மறுபடி முதலிலிருந்து. ஆனால் இதே உருவில் 'ஈ' 1800இலும் வந்தது, 1880இலும் வந்தது. எதை எடுத்துக்கொள்வது? சிறுத்தையைப் பார்த்தேன். 1821 வரை அதன் தலையில் கிரீடம் இருக்கும், இதில் இல்லை. இன்னொரு சாட்சியும் கிடைத்தது. வெள்ளிச் சாமான்களுக்கு வரி வாங்கிய 1784 முதல் 1890 வரை, வரி கட்டியதற்கு அடையாளமாக ஆள்பவரின் தலையையும் அடித்தார்கள். இதில் இருப்பது ஒரு பெண்ணின் தலை. விக்டோரியா அரியணை ஏறியதே 1837இல். ஆக, 1880.

முத்திரையைப் போலியாகவும் அடிக்கலாம். எடையை ஏமாற்றுவது கடினம். தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துச் சுழியமாக்கி, பொருளை நூலில் கட்டி, அடியில் தொடாமல் முழுக்கினால், தராசு காட்டும் கிராம்தான் அதன் கன அளவு. ஆறு கரண்டியும் சேர்ந்து 390 கிராம், முழுக்கியபோது 45. வகுத்தால் 8.7 வருகிறது, ஜெர்மன் சில்வரின் அடர்த்தி. (சமையல் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது, ஒற்றைக் கரண்டியைப் போட்டால் கணக்கு தப்பும்.) அகப்பையைப் பத்தரின் நுண்தராசில் வைத்தோம்: 62.1 கிராம், தண்ணீரில் 6.0. அடர்த்தி 10.35. ஸ்டெர்லிங் வெள்ளிக்கு அவ்வளவுதான் வர வேண்டும். கத்திக் கைப்பிடிகளுக்கு மட்டும் இந்த வித்தை பலிக்காது. உள்ளே அரக்கோ பிசினோ அடைத்திருப்பார்கள். காந்தத்தை நம்பிப் பயனில்லை. இரும்பைக் காட்டிக்கொடுக்கும், வெள்ளியும் ஒட்டாது, ஜெர்மன் சில்வரும் ஒட்டாது.

"தம்பி, எதுக்கும் மிஷின்ல ஒரு தடவ பாத்துருங்க" என்றார் பத்தர். நகைக்கடைகளில் இருக்கும் காரட் மீட்டரைச் சொன்னார். எக்ஸ் கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் கதிரைத் திருப்பி வீசும். அதை வைத்து எது எவ்வளவு என்று கணக்கிடுகிறது. ஆனால் அது பார்ப்பது மேல்தோலைத்தான். முலாம் தடிமனாக இருந்தால் ஏமாந்துபோகும். அதனால் கரண்டிக் குழியின் அடிப்புறத்தை, மேசையில் உரசித் தேய்ந்த இடத்தைக் காட்டச் சொன்னேன். நிக்கலும் துத்தநாகமும் உடனே தலைகாட்டின. அகப்பையில் வெள்ளியும் செம்பும்தான்.

இந்த முத்திரைகளைத் தேடி எல்லோரும் ஏமாற வேண்டாம். அந்தக் காலச் சென்னையில் இங்கிலாந்தைப் போன்ற சோதனைக்கூடமோ சிங்கமோ கிடையாது. மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்றவர்கள் தங்கள் பெயரைத்தான் பதித்தார்கள். சாமி உருவங்களைப் புடைப்பாகச் செதுக்கிய 'சுவாமி சில்வர்' தேநீர்ப் பாத்திரங்களில் அந்தப் பெயரைப் பார்க்கலாம்.

அத்தை நம்பவில்லை. ஒரு கரண்டியையும் அகப்பையையும் கொதிக்கும் காப்பியில் போட்டு, இரண்டின் நுனியையும் பிடிக்கச் சொன்னேன். வெள்ளியைப் போல வெப்பம் கடத்தும் உலோகம் வேறில்லை; ஜெர்மன் சில்வர் அதில் பத்தில் ஒரு பங்குதான் கடத்தும். சில விநாடிகளில் அகப்பையை உதறினார்.

"சுடுறதுடா!"

உடனே திருநீற்றை எடுக்கப் போனார். கையைப் பிடித்துத் தடுத்தேன். துலக்கித் துலக்கித்தான் அந்த ஆறு கரண்டியின் முலாமும் போனது; யாரும் தொடாததால்தான் இந்தச் சிங்கத்தின் நகம்கூட அப்படியே இருக்கிறது. கறுப்பு என்பது காற்றில் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்தது, அவ்வளவே. அலுமினியத் தாளில் அகப்பையைக் கிடத்தி, சமையல் சோடா கரைத்த வெந்நீரை ஊற்றினேன். கந்தகத்தை அலுமினியம் பிடுங்கிக்கொள்ள, வெள்ளி வெள்ளியாகவே மீண்டது. கூடவே கிளம்பியது அழுகிய முட்டை வாடை.

"அக்கிரமம்! சாமி ரூமுக்குப் பக்கத்துலயா இதெல்லாம் பண்ணுவ?" என்று அத்தை ஜன்னலைத் திறந்தார்.