தரிப்பிடத்தைச் சுற்றி எழ வேண்டிய ஊர்கள்

முத்துக்குளிப்பு இடம்பெற்ற பருவங்களில் கொண்டச்சி முதல் மரிச்சுக்கட்டி வரையான கரையில் கம்பும் கிடுகும் கொண்டு ஒரு தற்காலிக நகரமே எழுவது வழக்கம். குளிப்பவர்கள், வணிகர்கள், அதிகாரிகள் எனப் பல்லாயிரம் பேர் கூடிய அந்நகரில் கடைவீதியும் நீதிமன்றும் மருத்துவமனையும் நடந்து செல்லும் தூரத்திலேயே இருந்தன. பருவம் முடிந்ததும் நகரம் கலைந்துவிடும்.

இன்று அதே முசலிப் பிரதேசத்தில் நிலையான ஊர்கள் மீண்டும் உருவாகி வருகின்றன. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள், 2009 இல் யுத்தம் முடிவடைந்த பின்னர் திரும்பத் தொடங்கினர். வீடுகள் எழுந்துள்ளன. ஆனால், வீடுகளின் எண்ணிக்கை மட்டும் ஊராகிவிடாது. பாடசாலை ஒரு திசையிலும் வைத்தியசாலை மற்றொரு திசையிலும் சந்தை வேறொரு திசையிலும் அமையுமானால், மோட்டார் சைக்கிள் இல்லாத குடும்பத்திற்கு ஒவ்வொரு தேவையும் ஒரு பயணமாகிவிடுகிறது. முதியோரும் விதவைகளும் மாற்றுத்திறனாளிகளும் வீட்டுக்குள் முடங்குகின்றனர். புத்தளத்தில் வேரூன்றிய குடும்பங்கள் திரும்பத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாகிவிடக்கூடாது.

இதற்கான தீர்வு புதியதன்று. பிறேசிலின் குரிற்றிபா நகரம் 1970களிலேயே பஸ் பாதைகளை முதலில் வகுத்து, அவற்றை ஒட்டியே குடியிருப்புகளை வளரச் செய்தது. பஸ் தரிப்பிடத்திலிருந்து ஐந்து முதல் பத்து நிமிட நடைக்குள், அதாவது சுமார் 400 முதல் 800 மீற்றருக்குள், அன்றாடத் தேவைகள் அமைய வேண்டும் என்பதே இதன் அடிப்படை. சிறிய ஊருக்கும் இது பொருந்தும். மன்னாரின் வெயிலில் ஐந்து நிமிட நடைக்கும் நிழல் வேண்டும் என்பதால், வேம்பும் தரிப்பிடக் கூரையும் இங்கு ஆடம்பரமல்ல.

2015 இல் தலைமன்னார் வரை புகையிரதப் பாதை மீளத் திறக்கப்பட்டபோது முருங்கன் நிலையமும் புத்துயிர் பெற்றது. சிலாவத்துறை, கொண்டச்சி பஸ்களின் நேரம் புகையிரத நேரத்துடன் இணைக்கப்படாவிட்டால், அந்நிலையம் முசலி மக்களுக்கு எட்டாக்கனியாகவே இருக்கும்.

பொதுக் கட்டடங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கு அணுகக்கூடியனவாக அமைய வேண்டுமென 2006 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் பணிக்கின்றன. கட்டடத்தின் வாசலில் சாய்தளம் அமைத்துவிட்டு, அதற்குச் செல்லும் வழியை மணலாக விடுவதில் பயனில்லை.

வீதிகளும் காணித் துண்டுகளும் ஒருமுறை வகுக்கப்பட்டுவிட்டால் பல தலைமுறைகளுக்கு மாற்ற முடியாது. பிரதேச சபையும் நகர அபிவிருத்தி அதிகார சபையும் போக்குவரத்துத் துறையினரும் ஒரே மேசையில் அமர வேண்டிய தருணம் இதுவே. ஒரு பருவத்திற்கான நகரைத் திட்டமிட்டு அமைக்க முடிந்த கரையில், நிரந்தரமாக வாழ வந்தவர்களுக்கு அவ்வாறு செய்ய முடியாதா?