காற்றாடியை எங்கே நடுவதென்று யார் சொல்கிறார்கள்?

பெரியநீலாவணைக் கடற்கரையில் கரைவலை இழுத்து முடித்துவிட்டு உட்கார்ந்திருந்த அண்ணன் ஒருவரிடம் மன்னார் காற்றாலை பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். "காத்தாடி நல்லதுதானே தம்பி. ஆனா அத எங்க நடணும் எண்டு ஆரு சொல்ற?" என்று கேட்டார். நான் வாசித்த அறிக்கைகள் பலவற்றை விட அந்தக் கேள்வி தெளிவாக இருந்தது.

ஒரு சட்டமோ கொள்கையோ தமக்கு ஏற்றபடி அமைய வேண்டுமென்று அதிகாரத்தில் இருப்பவர்களைச் சந்தித்துப் பேசுவதைத்தான் 'லொபி' என்கிறார்கள். அது குற்றமல்ல. மண்ணெண்ணெய் மானியம் கேட்டு மீனவர் சங்கம் அமைச்சரைப் பார்ப்பதும் லொபிதான். ஆனால் சங்கம் போனது ஊருக்கே தெரியும். பெருநிறுவனம் போனது தெரியாது. அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, எந்த விடயத்துக்காக லொபி செய்தார்கள், எவ்வளவு செலவழித்தார்கள் என்று பதிய வேண்டும். அங்கும் ஓட்டைகள் உண்டு. இலங்கையில் அப்படியொரு பதிவேடே இல்லை.

அதனால் என்ன நடக்கும் என்பதை 2022இல் பார்த்தோம். மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலைகளை அதானி குழுமம் அமைப்பதற்கு அந்த ஆண்டு மார்ச்சில் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தானது. போட்டி விலைமனு கோரப்படவில்லை. ஜூன் 9ஆம் திகதி மின்சாரச் சட்டத் திருத்தம் பாராளுமன்றத்தில் 120 வாக்குகளால் நிறைவேறியது. போட்டி விலைமனுக் கட்டாயத்தை நீக்கவே அது கொண்டுவரப்பட்டதாக எதிர்க்கட்சி குற்றஞ்சாட்டியது. மறுநாள் கோப் குழுவின் முன் மின்சார சபைத் தலைவர் எம்.எம்.சி. பெர்டினாண்டோ, இத்திட்டத்தை அதானிக்குக் கொடுக்கும்படி இந்தியப் பிரதமர் அழுத்தம் கொடுப்பதாக ஜனாதிபதி தன்னிடம் கூறினார் என்றார். கோட்டாபய ராஜபக்ச மறுத்தார். பெர்டினாண்டோவும் சொன்னதை மீளப்பெற்றார். சில நாட்களில் பதவி விலகினார்.

எது உண்மை? இரு பக்கமும் சொன்னதைத் தவிர நமக்கு எதுவுமில்லை. சந்திப்புகளின் பதிவு கட்டாயம் என்றிருந்தால் இது வாய்ப்பேச்சோடு முடிந்திருக்காது.

2024 மே மாதம் ஓர் அலகுக்கு 8.26 அமெரிக்க சதம் கொடுக்க அமைச்சரவை இணங்கியது. பிறகு மன்னாரிலேயே வேறொரு 50 மெகாவாட் காற்றாலைக்குப் போட்டி விலைமனு கோரப்பட்டபோது விலை 4.65 சதத்துக்கு இறங்கியது. இரண்டும் ஒரே அளவான திட்டங்கள் அல்ல என்பது சரிதான். ஆனாலும் அந்த வித்தியாசம் 20 வருடங்களுக்கு நமது மின்பட்டியலில் ஏறியிருக்கும். 2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் தானாகவே விலகிக்கொண்டது.

சம்பூர்க்காரருக்கு இந்தக் கதை புதிதல்ல. 2006இல் இடம்பெயர்ந்தவர்களின் மண்ணில் அனல்மின் நிலையம் என்றார்கள், 2016இல் அது கைவிடப்பட்டது, 2025 ஏப்ரலில் சூரிய மின்சக்திக்கு அடிக்கல் நாட்டினார்கள். நிலக்கரியானாலும் சூரிய ஒளியானாலும் முடிவெடுத்த மேசையில் ஊர்க்காரர் இருக்கவில்லை. 'பசுமை' என்ற பெயர் வந்துவிட்டால் கேள்வி கேட்பவன் அபிவிருத்திக்கு எதிரியாகிவிடுகிறான், அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல்.

நம்மிடம் உள்ள ஒரே கருவி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். அதன் 9ஆம் பிரிவை எங்கள் பக்கத்தில் அதிகம் பேர் அறியவில்லை. ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டமோ, ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டமோ தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே, பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு அதன் விபரங்களைத் தெரிவிப்பது பொறுப்பான அமைச்சரின் கடமை. தெரிவிக்காவிட்டால் நாமே கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் முடிவெடுக்க வேண்டும். மறுத்தால் முதலில் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பிறகு ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். 'வர்த்தக இரகசியம்' என்று தட்டிக்கழிப்பார்கள். பொதுநலன் அதைவிடப் பெரிதென்றால் கொடுத்தேயாக வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

"திட்டத்தைப் பற்றிய விபரம் தாருங்கள்" என்று மட்டும் எழுதினால் விளம்பரக் கையேடுதான் வரும். எந்தத் திகதியில், எந்த நிறுவனத்தின் யார், எந்த அதிகாரியைச் சந்தித்தார், கூட்டக் குறிப்பின் பிரதி எங்கே என்று கேட்க வேண்டும்.

"இதத் தமிழில எழுதிக் குடுக்கலாமா?" என்றார் அண்ணன்.

கொடுக்கலாம். வெள்ளைத்தாளே போதும்.