கை பழகியது ஒன்று. கருவி கேட்பது வேறு

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரக் கரிசல் நிலங்களில் மானாவாரிப் பயிருக்கு வடகிழக்குப் பருவமழையே ஆதாரம். மழை விழுந்துவிட்டால் கரிசல் மண் காலோடு ஒட்டிக்கொள்ளும், ஏர் இறங்காது. எனவே புரட்டாசியில், மழைக்கு முன்பாகவே, புழுதியில் விதைத்துவிடுவது நல்லது. இந்த விதைப்பு தவறினால் சிறு விவசாயிக்கு மறு விதைப்புக்குக் கையில் விதையும் இருக்காது, பருவமும் காத்திருக்காது.

இவ்வேலைக்கு இப்போது பலர் டிராக்டரில் பூட்டும் விதைப்புக் கருவியை வாடகைக்கு அமர்த்துகிறார்கள். கருவி பழுதில்லாமல் இருந்தும் சில நிலங்களில் முளைப்பு சரியாக அமைவதில்லை. இதற்குக் காரணம் அறியாமை அல்ல, பெரும்பாலும் அனுபவமே. எவரும் புதிய கருவியைப் பழைய கருவியில் பழகிய விதமாகவே கையாளுவார்கள். அந்தப் பழக்கம் சில இடங்களில் கைகொடுக்கும். சில இடங்களில் காலை வாரிவிடும்.

கைகொடுக்கும் இடங்கள்

புழுதியின் பதம் பார்ப்பது, சரிவுக்குக் குறுக்கே சால் ஓட்டுவது, எந்தத் துண்டில் தண்ணீர் தேங்கும் என்பது ஆகியவை கருவிக்குத் தெரியாது, நிலத்துக்காரருக்குத்தான் தெரியும். இவற்றை டிராக்டர் ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

காலை வாரும் இடங்கள்

முதலாவது, விதையளவு. கையால் தூவி உழுது மூடும்போது சில விதை மேலாகவும் சில விதை ஆழமாகவும் விழும். மேலாகக் கிடப்பது முதல் தூறலில் முளைத்து, அடுத்த வெயிலில் கருகும். இந்தச் சேதத்தை எண்ணியே நம்மவர்கள் கூடுதலாக விதைத்து வந்தார்கள். கருவியோ விதையை ஒரே சீராக 5 செ.மீ. ஆழத்தில் இடக்கூடியது. அங்கும் கூடுதல் விதை போட்டால் பயிர் நெருங்கி, இருக்கிற ஈரத்துக்குப் போட்டியிடும்.

இரண்டாவது, விதையின் ஈரம். நுண்ணுயிர் கலந்த விதை சற்று ஈரமாக இருந்தாலும் விரல்கள் பிரித்துப் போட்டுவிடும். கருவிக்கு அந்த விரல் இல்லை. ஈர விதை பெட்டியிலேயே கட்டிக்கொள்ளும். நேர்த்தி செய்த விதையை நிழலில் நன்கு உலர்த்திய பிறகே பெட்டியில் கொட்ட வேண்டும்.

மூன்றாவது, கண்பார்வை. நாட்டுக்கலப்பையின் பின்னால் கொட்டானுடன் நடந்து சாலில் விதை போடும் பெண்ணுக்கு ஒவ்வொரு விதையும் கண்ணில் படும். கருவியிலோ விதை குழாய்க்குள் மறைந்து போகிறது. ஒரு குழாய் அடைத்தால் ஒரு வரிசை முழுவதும் வெறுமையாகிவிடும். மழைக்குப் பிறகுதான் அது தெரியவரும். ஆகவே ஒருவர் பின்னால் நடந்து குழாய்களைக் கவனித்து வருவது அவசியம்.

நான்காவது, திருப்புவது. ஏர் மாடு பின்னால் நடக்காது, டிராக்டர் நடக்கும். கொழு மண்ணில் இருக்கும்போதே வண்டியைப் பின்னுக்கு எடுத்தால் குழாய் வாயில் மண் அடைத்துக்கொள்ளும். கருவியைத் தூக்கிய பிறகே திருப்ப வேண்டும்.

ஐந்தாவது, வேகம். ஓட்டுநர் பழகியது உழவு, வாடகையோ மணிக்கணக்கு. உழவு வேகத்தில் ஓட்டினால் விதை சீராக விழாது, ஆழமும் மாறும். சாலைக் கிளறி, விதை மூன்று விரல் அகல ஆழத்தில் கிடக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கலாம்.

அளவு பார்க்கும் முறை

சக்கரம் சுற்றுவதைக் கொண்டே கருவியில் விதை விழுகிறது. எனவே வயலில் இறங்குமுன் வீட்டு முற்றத்திலேயே அளவு பார்த்துவிடலாம். உதாரணமாக, 30 செ.மீ. இடைவெளியில் 7 கொழு உள்ள கருவியின் அகலம் 2.1 மீட்டர். சக்கரத்தின் சுற்றளவு 1.2 மீட்டர் என்றால், 40 சுற்றுக்கு ஏறத்தாழ 100 சதுர மீட்டர், அதாவது ஏக்கரில் நாற்பதில் ஒரு பங்கு விதைப்பாகும். மானாவாரி உளுந்துக்கு ஏக்கருக்கு 8 கிலோ விதை. கருவியைத் தூக்கி நிறுத்தி, குழாய்களின் அடியில் சாக்கு விரித்து, சக்கரத்தை 40 தடவை சுற்றினால் 200 கிராம் விதை விழ வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் பெட்டியின் திறப்பைச் சரிசெய்து மீண்டும் சுற்றிப் பார்க்கவும். வேறு அளவுள்ள கருவிக்கும் இதே கணக்குதான். அகலத்தையும் சுற்றளவையும் மாற்றிக்கொண்டால் போதும்.

கருவி செய்வோருக்கும் ஒரு பாடம்

ஐதராபாத் அருகே படான்செருவிலுள்ள சர்வதேச ஆராய்ச்சி நிலையம், கரிசல் நிலத்துக்காக மாடு பூட்டி இழுக்கும் சக்கரக் கருவி ஒன்றை எழுபதுகளில் பரிசோதித்துப் பரப்ப முயன்றது. உழவு, விதைப்பு, களையெடுப்பு எல்லாம் அந்த ஒன்றிலேயே செய்யலாம். ஆராய்ச்சிப் பண்ணையில் அது நன்றாக வேலை செய்தது. ஆனால் விலை அதிகம். வேலைக்கு வேலை பாகங்களை மாற்றிப் பூட்டவும் வேண்டும். வேலைக்கு ஒரு கருவி என்று பழகிய விவசாயிகளிடம் அது நிலைக்கவில்லை. பல நாடுகளில் இத்தகைய கருவிகளின் கதையை ஆராய்ந்து பால் ஸ்டார்க்கி 1988-ல் வெளியிட்ட நூலும், அவை செம்மையாக்கப்பட்டும் ஒதுக்கப்பட்டவை என்றே கூறுகிறது. விவசாயியின் கை எதில் பழகியிருக்கிறது என்று பார்த்துச் செய்த கருவியே வயலில் தங்கும்.

விதைப்புக் கருவியை முதன்முதலாக அமர்த்துவோர் முழு நிலத்திலும் உடனே இறங்க வேண்டியதில்லை. முதல் இரண்டு சாலை ஓட்டி நிறுத்தி, ஆழத்தையும் விதை விழுந்ததையும் பார்த்துக்கொண்டு, பிறகு தொடர்வது நலம். அதற்கு ஆகும் நேரம் கால் மணி. காப்பாற்றப்படுவது ஓராண்டு வெள்ளாமை.