பவானி ஆற்றின் தலைநீர்ச் சதுப்புகளும் கரிமச் சேமிப்பும்

பவானி ஆறு நீலகிரியின் தென்மேற்கே குந்தா மலைப்பகுதியில் தோன்றி, கேரளத்தின் அட்டப்பாடி வழியாகச் சென்று மீண்டும் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பவானி நகரின் கூடுதுறையில் காவிரியுடன் கலக்கிறது. இதன் முதன்மைத் துணையாறான மோயாறும் நீலகிரியின் உயர்சமவெளியிலிருந்தே நீர் பெறுகிறது. ஏறத்தாழ 2,000 மீட்டருக்கு மேல் உள்ள அச்சமவெளியின் பள்ளத்தாக்குகளில், சோலைக்காடுகளுக்கும் புல்வெளிகளுக்கும் இடையே, முற்றா நிலக்கரிச் சதுப்புகள் காணப்படுகின்றன. இவை பரப்பில் சிறியவை. எனினும் ஆற்றின் கோடைக்கால நீருக்கும், மண்ணில் அடைபட்டிருக்கும் கரிமத்துக்கும் இவற்றின் நிலை முக்கியமானது.

முற்றா நிலக்கரி உருவாகும் விதம்

செடிகொடிகள் மடிந்தால் நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்து, அவற்றிலிருந்த கரிமத்தைக் கரியமில வாயுவாகக் காற்றில் விடுகின்றன. நீர் தேங்கிய இடத்தில் இச்சிதைவுக்கு வேண்டிய ஆக்சிசன் கிடைப்பதில்லை. குளிரும் சேர்ந்தால் சிதைவு மேலும் மெதுவாகிறது. அதனால் பாதி மட்கிய தாவரப் பொருள் அடுக்கடுக்காகப் படிந்து, கருமையான, பஞ்சுபோல் நீரை உறிஞ்சும் மண்ணாகிறது. இதுவே பீட் எனப்படும் முற்றா நிலக்கரி. ஓர் ஆண்டில் இது பொதுவாக ஒரு மில்லிமீட்டர் அளவே வளரும். எனவே ஒரு மீட்டர் ஆழத்தைத் தோண்டி எடுப்பவர் ஆயிரம் ஆண்டுச் சேமிப்பை எடுக்கிறார் எனலாம்.

உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 3 விழுக்காடே இத்தகைய நிலம். ஆனால் உலகக் காடுகளின் மரங்கள் அனைத்திலும் உள்ள கரிமத்தைவிட அதிகமான கரிமம் இதில் உள்ளது. நீரை வடித்துவிட்டால் ஆக்சிசன் உள்ளே புகுந்து சிதைவு தொடங்கும். காய்ந்த மண்ணில் தீ பற்றினால் மாதக்கணக்கில் அடியில் புகையும்.

நீலகிரிச் சதுப்புகள் சொல்லும் வரலாறு

1993ஆம் ஆண்டு இரா. சுகுமார், ஆர். ரமேஷ் உள்ளிட்ட இந்திய அறிவியலாளர்கள் நீலகிரிச் சதுப்பு மண்ணை ஆராய்ந்து, நேச்சர் இதழில் முடிவுகளை வெளியிட்டனர். மண்ணில் உள்ள கரிம ஓரிடத்தான்களின் விகிதத்தைக் கொண்டு, எந்தக் காலத்தில் எவ்வகைத் தாவரம் மிகுந்திருந்தது என்று அவர்கள் கணித்தனர். வறண்ட காலங்களில் ஒரு வகைப் புற்களும், ஈரமான காலங்களில் வேறு வகைத் தாவரங்களும் ஓங்கும். இரண்டும் கரிமத்தை வெவ்வேறு விகிதத்தில் ஏற்கின்றன. இதன்படி கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் நீலகிரி வறண்ட புல்வெளியாக இருந்ததும், ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுத்ததும் தெரியவந்தன. இந்த மண் 20,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பதிவைத் தாங்கியிருந்தது.

தோடர்கள் தங்கள் கோயில்களுக்குக் கூரை வேயும் புல் வகைகளுள் ஒன்று சதுப்பு ஓரங்களில் வளர்வது. சதுப்பு வற்றினால் அந்தப் புல்லும் கிடைக்காது.

மரம் நட்டதால் வந்த இழப்பு

ஆங்கிலேயர் காலத்தில் விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் கற்பூர மரமும் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டன. விடுதலைக்குப் பின் தோல் பதனிடும் தொழிலுக்கான சீகைப் பட்டைக்காகவும், மரக்கூழுக்காகவும் புல்வெளிகள் பெருமளவில் தோட்டங்களாக்கப்பட்டன. மேட்டுப்பாளையத்தை அடுத்த சிறுமுகையில் பவானிக் கரையில் இயங்கிய ஆலைக்கும் இங்கிருந்து மரம் சென்றது. புல்வெளி வெற்று நிலம் என்றே அன்று கருதப்பட்டது. இக்கருத்து இன்றும் முழுமையாக மறையவில்லை.

உதகமண்டலத்தில் உள்ள நடுவண் மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் கிளன்மார்கனில் அடுத்தடுத்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டு ஆராய்ந்தது. ஒன்று இயற்கைப் புல்வெளியாகவே விடப்பட்டது. மற்றொன்றில் கற்பூர மரம் நடப்பட்டது. முதல் பத்தாண்டுகளில் மரம் நட்ட பகுதியிலிருந்து வந்த நீர் ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்தது. வெட்டியபின் அடிமரத்திலிருந்து தழைத்த இரண்டாம் சுழற்சியில் இழப்பு ஏறத்தாழ 25 விழுக்காடு. இந்த எண்கள் மலைக்கு மட்டும் உரியவை அல்ல. 1955இல் முடிந்த பவானிசாகர் அணையும், அதன்கீழ் 2,07,000 ஏக்கர் பாசனம் பெறும் கீழ்பவானி வாய்க்காலும், கொடிவேரி, காலிங்கராயன் வாய்க்கால்களும் இதே மலைநீரை எதிர்பார்த்திருப்பவை. மழை நின்ற மாதங்களில் சதுப்பிலிருந்து கசியும் நீரே ஓடைகளை ஓட வைக்கிறது. சுற்றிலும் நீரை உறிஞ்சும் மரங்கள் இருந்தால் கசிவு குறையும். காய்ந்த சதுப்பு கரிமத்தை வெளியிடத் தொடங்கும்.

கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. இந்திய வன அளவை நிறுவனத்தின் வரையறைப்படி, ஒரு எக்டேருக்குக் குறையாத நிலத்தில் மர விதானம் 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அது வனப்பரப்பில் சேரும். சீகைத் தோட்டம் இதில் சேர்கிறது. பல ஆயிரம் ஆண்டுக் கரிமம் தாங்கும் மரமற்ற சதுப்பு சேர்வதில்லை. மேலே நிற்கும் மரத்தை மட்டும் அளக்கும் எந்தக் கரிமத் திட்டமும் நீலகிரியில் தவறான இடத்தில் மரம் நடத் தூண்டும்.

பன்னாட்டு ஒத்துழைப்பின் இரு முகங்கள்

நீலகிரி உயர்சமவெளிக்கு முதலில் வந்த பெரிய வெளிநாட்டு உதவி நீர்மின்சாரத்துக்கானது. கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா 1950களில் குந்தா நீர்மின் திட்டத்துக்கு உதவியது. சதுப்பு அமையும் பள்ளத்தாக்குத் தளங்களே அணை கட்டவும் ஏற்ற இடங்கள். அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி நீர்த்தேக்கங்கள் அத்தகைய பள்ளத்தாக்குகளில் அமைந்தன. பாதுகாப்பு சார்ந்த ஏற்பு பின்னர் வந்தது: 1986இல் நிறுவப்பட்ட நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 2000இல் யுனெசுகோ வலையமைப்பில் சேர்ந்தது, முக்குருத்தி தேசியப் பூங்கா 2012இல் மேற்குத் தொடர்ச்சி மலை உலகப் பாரம்பரியக் களத்தின் பகுதியானது. இவை பெயரும் காப்பும் தருகின்றன. சேமித்த கரிமத்துக்குப் பணம் தருவதில்லை.

அத்தகைய ஏற்பாட்டின் பெரிய சோதனைக்களம் இந்தோனேசியா. நெல் விளைவிக்கவென்று 1996இல் நடுக் கலிமந்தானில் ஏறத்தாழ பத்து லட்சம் எக்டேர் சதுப்புக்காட்டில் கால்வாய்கள் வெட்டப்பட்டன. மறு ஆண்டு எல் நினோ வறட்சியில் இந்தோனேசியச் சதுப்புகள் தீப்பற்றி 81 கோடி முதல் 257 கோடி டன் வரை கரிமம் வெளியானதாக 2002இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. நெல் விளையவில்லை. 2010இல் நார்வே, காடழிவைக் குறைத்தால் 100 கோடி டாலர் வரை தருவதாக இந்தோனேசியாவுடன் உடன்பட்டது. ரெட் பிளஸ் எனப்படும் இம்முறையில், குறைத்த உமிழ்வு சரிபார்க்கப்பட்ட பின்பே பணம் கைமாறும். டன்னுக்கு 5 டாலர் வீதம் 5.6 கோடி டாலர் என முதல் தவணை கணக்கிடப்பட்டும் அது வரத் தாமதமானதால், 2021இல் இந்தோனேசியா உடன்பாட்டிலிருந்து விலகியது. 2022இல் இரு நாடுகளும் புதிய உடன்பாடு செய்துகொண்டபின் அத்தொகை வழங்கப்பட்டது. இதற்கிடையே 2016இல் சதுப்பு மீட்பு முகமையை அமைத்து, கால்வாய்களை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்தும் பணியை இந்தோனேசியா தொடங்கியிருந்தது. காங்கோ படுகையில் ஏறத்தாழ 1,45,500 சதுர கிலோமீட்டர் சதுப்பு இருப்பது 2017இல் வெளிப்பட்டதும், மறு ஆண்டு பிரசாவில்லில் இரு காங்கோ நாடுகளும் இந்தோனேசியாவும் கூட்டு அறிக்கை வெளியிட்டன.

தற்போதைய நிலை

தமிழ்நாடு அரசு 2022இல் அயல் ஊடுருவு தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்பதற்கான கொள்கையை வெளியிட்டது. சென்னை உயர்நீதிமன்றமும் இப்பணியை வலியுறுத்தி ஆணைகள் பிறப்பித்துள்ளது. கோத்தகிரியின் லாங்வுட் சோலை 2024இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சீகையை வெட்டுவது எளிது. அதன் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கும், வெட்டிய இடத்தில் வெயில் பட்டதும் முளைக்கும். ஆகவே ஆண்டுதோறும் கன்றுகளைப் பிடுங்கவும், புல்லை மீண்டும் நடவும், ஓடை அரித்த பள்ளங்களை அடைத்துச் சதுப்பில் நீரை நிறுத்தவும் ஆட்கள் தேவை. ஒரு திட்டக் காலத்துக்குள் இப்பணி முடிவதில்லை.