பத்துமலையைச் சுட்ட நெருப்பு

தைப்பூசத்திற்குப் பத்துமலை போய்வராத தோட்டத்துக் குடும்பம் அரிது. 272 படிகளையும் ஏறிக் குகை வாசலில் மூச்சு வாங்கும்போது, பக்கத்துப் பாறையை உற்றுப் பார்த்ததுண்டா? உடைந்த இடங்களில் கற்கண்டைப்போலச் சின்னச் சின்னப் பளபளப்பு தெரியும். அது வெறும் சுண்ணாம்புக்கல் அல்ல. வெந்து பளிங்காகிய கல்.

40 கோடி ஆண்டுகளுக்கும் முன்னே இங்கே கடல் இருந்தது. கடல் உயிர்களின் சுண்ணாம்பு அடியில் படிந்து பாறையாயிற்று. அதைச் சுட்டது யார்? எப்போது? வெந்ததில் அவ்வுயிர்களின் தடங்கள் பெரும்பாலும் அழிந்துபோயின. ஆகவே அடுத்த வீட்டுக்காரரைத்தான் கேட்கவேண்டும். கெந்திங் மலைச் சாலையோரம் காணும் கருங்கல்தான் அந்த அடுத்த வீடு.

கருங்கல்லுக்குள் ஸிர்க்கான் என்றொரு மணி உண்டு. கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவு. உருகிய கல் இறுகும்போது பிறக்கும் இது, அப்போதே கொஞ்சம் யுரேனியத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். காரீயத்தை மட்டும் அண்டவிடாது. யுரேனியமோ தானே சிதைந்து காரீயமாக மாறும். பாதி மாறவே 447 கோடி ஆண்டு ஆகும்! எரிந்த எண்ணெயை அளந்து விளக்கேற்றிய நேரத்தைச் சொல்வதுபோல, சேர்ந்த காரீயத்தை அளந்து மணியின் வயதைச் சொல்லிவிடுகிறார்கள்.

அந்தக் கணக்கில் திதிவங்சா மலைத்தொடரின் கருங்கல், 20 கோடிக்கும் 23 கோடிக்கும் இடைப்பட்ட வயதுடையது. அதற்குச் சற்று முன்தான் இரண்டு நிலத்துண்டுகள் மோதி, நடுவிலிருந்த கடல் மூடியது. அந்தத் தையல் இன்றும் பெந்தோங், ரவூப் வழியே ஓடுகிறது. மோதலில் தடித்த நிலத்தின் அடிப்பகுதி உருகி மேலேறி, அருகிலிருந்த சுண்ணாம்பைச் சுட்டது.

அதே கல்லில் இன்னொரு கடிகாரமும் இருக்கிறது: காக்காய்ப்பொன். சுமார் 300 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகே அது ஓடத் தொடங்கும். 1977இல் பிக்னெல், ஸ்னெல்லிங் என்ற இருவர் வெளியிட்ட மலாயாக் கருங்கல் ஆய்வில், பல இடங்களில் காக்காய்ப்பொன்னின் வயது குறைவாகவே வந்தது. இரண்டு கடிகாரமும் பொய் சொல்லவில்லை. ஒன்று பிறந்த நாளைச் சொல்கிறது. மற்றது கடைசியாகச் சூடு தணிந்த நாளை.

நம் ஊர் ஈயமும் இந்தக் கருங்கல் கொண்டுவந்த சீதனமே. 1857இல் கிள்ளான் ராஜா அப்துல்லா 87 சீனத் தொழிலாளரை ஆற்றுவழியே அனுப்பியதும், அவர்கள் அம்பாங்கில் தோண்டியதும் அதற்காகத்தான். டூலாங் தட்டில் மணல் அரித்த பெண்களைப் பழைய ஆட்கள் பார்த்திருப்பார்கள். ஈயத்தைப் பிரித்தபின் மிஞ்சும் கனத்த மணலுக்கு அமாங் என்று பெயர். ஸிர்க்கான் அதில்தான் கிடக்கிறது.