தொடக்கநிலைக் கணினித் தொழிலும் பயிற்சி நிதியும்

ஐக்கிய அமெரிக்காவிலே 2015 மார்ச்சில் ஒபாமா அறிவித்த 'டெக்ஹயர்' திட்டம், பட்டமற்றோரையும் குறுகியகாலப் பயிற்சியளித்துக் கணினித்துறையின் தொடக்கநிலைத் தொழில்களில் அமர்த்த முனைந்தது. 2016இல் தொழில் திணைக்களம் 39 உள்ளூர்க் கூட்டமைப்புகளுக்கு 150 மில்லியன் டொலர் வழங்கிற்று. இந்நிதியின் ஊற்று நோக்கற்பாலது. வெளிநாட்டு வல்லுநரை எச்-1பி விசாவில் வரவழைக்கும் நிறுவனங்கள் செலுத்தும் கட்டணமே அது. அவ்வல்லுநருட் பெரும்பான்மையோர் இந்தியர். பிறநாட்டுக் குடும்பங்களும் அரசுகளும் செலவிட்டு உருவாக்கிய உழைப்பின்மீது அறவிட்ட பணத்தில் உள்நாட்டு ஏழைக்குப் பயிற்சி!

பயிற்சி இலவசமாயினும், வாடகைக்கும் உணவுக்கும் வழியற்றோர் வகுப்பறையை எட்டார். குழந்தைப் பராமரிப்பு, போக்குவரத்து ஆகியவற்றுக்கும் இந்நிதியிற் செலவிட இடமளித்தமை இதனாலேயே. ஆயினும், பயிற்சிக்காலக் கூலியைத் தொழில் வழங்குவோரே கொடுக்கவேண்டிய பதிவுபெற்ற தொழில்பழகுநர் முறை இதனினும் நேரியது என்பது எமது கருத்து.