உங்களுக்குத் தெரியுமா? மனச்சிதைவு அளவுகோலில் பூஜ்ஜியமே கிடையாது!

மனச்சிதைவு நோயின் தீவிரத்தை அளக்க மருந்து ஆய்வுகளில் பெரிதும் பயன்படும் 'பான்ஸ்' அளவுகோலை 1987இல் ஸ்டான்லி கே, ஆப்ரஹாம் ஃபிஸ்பீன், லூயிஸ் ஓப்ளர் ஆகியோர் வெளியிட்டனர். பொய்நம்பிக்கை, மாயக்குரல் போன்ற அறிகுறிகள் 7. உணர்ச்சி மங்குதல், ஒதுங்கிப்போதல் போன்றவை 7. பதற்றம், மனச்சோர்வு உள்ளிட்ட பொது அறிகுறிகள் 16. ஆக மொத்தம் 30. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். அறிகுறியே இல்லை என்றாலும் 1 விழும் என்பதால், மொத்தம் 30க்குக் கீழே இறங்காது. இதை மறந்தால் கணக்கு பிழையாகிவிடும். 90இலிருந்து 60க்கு இறங்கியவர் மூன்றில் ஒரு பங்குதான் தேறியதாகத் தோன்றும். அடித்தளமான 30ஐக் கழித்துப் பார்த்தால் 60 என்பது 30 ஆகியிருக்கிறது. அதாவது நோயின் தீவிரம் பாதியாகக் குறைந்திருக்கிறது.

மன வேதனையை எண்ணில் அடக்கலாமா என்று கேட்பது நியாயமே. ஆனால் எண்ணை விலக்கினால் மிஞ்சுவது மருத்துவருக்கு மருத்துவர் மாறும் அபிப்பிராயம்தான். பான்ஸில் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் எழுத்தில் வரையறை உண்டு. பயிற்சி பெற்றவர் நோயாளியிடம் நேரில் பேசி, குடும்பத்தாரோ பராமரிப்பவரோ தரும் தகவலையும் சேர்த்தே மதிப்பிடுகிறார். மொத்த எண் மட்டும் போதாது என்பதும் உண்மை. மாயக்குரல் அடங்கிய பிறகும் எதிலும் நாட்டமின்றி முடங்கிக் கிடப்பவர்கள் உண்டு. ஆகவே மருத்துவர் மதிப்பெண் குறைந்திருக்கிறது என்று சொன்னால், எந்தப் பிரிவில் குறைந்தது, எது அப்படியே இருக்கிறது என்று குடும்பத்தார் தயங்காமல் கேட்க வேண்டும்.